இலவச இணைப்பு அல்ல

(மைசூரில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கூரையில் சோலார் போட்ட வீடுகளில், மாடிப்படிச் சுவரிலோ மீட்டர் பெட்டிக்குப் பக்கத்திலோ இன்வர்ட்டர் மாட்டியிருக்கும். குனிந்து அதன் அடிப்பக்கத்தைப் பார்த்தால் கட்டைவிரல் அளவில் ஒரு குச்சி செருகியிருப்பது தெரியும். அதை டாங்கிள் என்கிறார்கள். அதில் சின்னதாக ஒன்றிரண்டு விளக்குகள். விளக்கு எரிகிறது என்றால், கூரையில் விளையும் மின்சாரத்தின் கணக்கு சில நிமிடங்களுக்கு ஒருமுறை வீட்டு வைஃபை வழியாகவோ உள்ளே இருக்கும் சிம் வழியாகவோ கம்பெனியின் சர்வருக்குப் போய், அங்கிருந்து நம் கைபேசிக்கு வந்துகொண்டிருக்கிறது என்று பொருள். விளக்கு அணைந்தால் மின்சாரம் நின்றுவிடாது. பேனல் தன் வேலையைப் பார்க்கும், இன்வர்ட்டர் தன் வேலையைப் பார்க்கும். ஆப்பில் மட்டும் அன்றைய கோடு தட்டையாகிவிடும், அல்லது ஆப்பே திறக்காது. டீலரைக் கூப்பிட்டுச் சொன்னால், பல நேரம் கிடைக்கும் பதில் ஒரு கேள்விதான்: கரண்ட் வருகிறதல்லவா, அப்புறம் என்ன? நுகர்வோர் நீதிமன்றப் படி ஏறினால் எதிர்த்தரப்பு வழக்கறிஞரும் இதே கேள்வியைத்தான் நாகரிகமான சொற்களில் கேட்பார். இன்று என் பேச்சு முழுவதும் அந்தக் கேள்விக்கான பதில்தான். அந்தக் குச்சியும் ஆப்பும் பத்திரிகையோடு வரும் இலவச இணைப்பு போன்றவை அல்ல. விற்ற பொருளின் உறுப்பு அவை. உறுப்பு செத்தால் பொருளில் குறை உண்டு. அந்தக் குறைக்கு நம் சட்டத்தில் வழியும் உண்டு.

முதலில், இழப்பது எதை என்று பார்ப்போம். பேனல் கம்பெனிகள் வழக்கமாக இரண்டு உத்தரவாதம் தருகின்றன. ஒன்று பொருளுக்கு, மற்றொன்று விளைச்சலுக்கு. பத்தாவது ஆண்டு முடிவில் திறன் 90 சதவீதத்துக்குக் குறையாது, 25ஆவது ஆண்டு முடிவில் 80 சதவீதத்துக்குக் குறையாது என்பது விளைச்சல் உத்தரவாதத்தின் பழகிய வாய்பாடு. இந்த 25 ஆண்டை நம்பித்தான் ஒரு குடும்பம் கடன் வாங்கிக் கூரையில் பணம் போடுகிறது. 2024 பிப்ரவரியில் வந்த பிரதமரின் சூர்ய கர் திட்டம் 75,021 கோடி ரூபாய் ஒதுக்கி ஒரு கோடி வீடுகளை எட்டப் பார்க்கிறது. 3 கிலோவாட்டோ அதற்கு மேலோ போடும் வீட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். போட்டுத் தருபவர் ஐந்தாண்டு பராமரிக்க வேண்டும். ஆக, வாக்குறுதிக்குக் குறைவில்லை. வாக்குறுதி காப்பாற்றப்படுகிறதா என்று வீட்டுக்காரர் எதைக் கொண்டு அறிவார்? 3 கிலோவாட் அமைப்பு, கிலோவாட்டுக்கு நாளுக்கு நான்கு யூனிட் என்ற நடைமுறைக் கணக்கில், நாளுக்குப் பன்னிரண்டு யூனிட் தரும். பகலில் வீடு நான்கு யூனிட் எடுத்துக்கொண்டால் எட்டு யூனிட் வெளியே போகும். வாசலில் இருக்கும் இருவழி மீட்டர் போனதையும் வந்ததையும் மட்டுமே எழுதும், விளைந்ததை எழுதாது. இப்போது பேனலில் பழுது வந்து பன்னிரண்டு ஒன்பதாகிவிட்டது என்று வையுங்கள். மீட்டரில் எட்டு ஐந்தாகத் தெரியும். அது பழுதினாலா, ஜூன் மாத மேகத்தாலா, பக்கத்து மனையில் எழும்பிய புது மாடியின் நிழலாலா, வீட்டில் பகலிலும் ஏசி ஓடியதாலா? மீட்டர் வாய் திறக்காது. நாளுக்கு மூன்று யூனிட், மாதத்துக்குத் தொண்ணூறு. யூனிட் ஆறு ரூபாய் என்று கொண்டால் ஆண்டுக்கு 6,480 ரூபாய் சத்தமில்லாமல் கரைகிறது.

கம்பெனியின் உத்தரவாதம் ஆய்வுக்கூடத்தில் அளந்த திறனைப் பற்றியது, ஆப் காட்டும் யூனிட்டைப் பற்றியது அல்ல என்று நுணுக்கமாக மறுப்பார்கள். அது சரிதான். ஆனால் அந்த ஆய்வுக்குப் பேனலைக் கழற்றி அனுப்பு என்று வீட்டுக்காரர் எதை வைத்துக் கேட்பார்? நாள்தோறும் பதிவான யூனிட் கணக்குதான் அவர் கையில் இருக்கும் முதல் சாட்சி. போன ஏப்ரலில் இவ்வளவு, இந்த ஏப்ரலில் இவ்வளவு என்று காட்ட வேறு ஏடு பெரும்பாலும் அவரிடம் இல்லை. இணைப்பு போனால் சாட்சி போகிறது. சாட்சி போனால் 25 ஆண்டு உத்தரவாதம் தாளில் மட்டும் இருக்கும். வாக்குக் கொடுத்தவரே வாக்கை அளக்கும் கோலையும் தன் சர்வரில் வைத்துக்கொண்டு, பிறகு அந்தக் கோலைப் பறிப்பது சிறு குறை ஆகாது. கரண்ட் வருகிறதல்லவா என்ற கேள்விக்கு முதல் பதில் இது: எவ்வளவு வருகிறது என்று தெரியவில்லை, தெரியவைப்பதாகச் சொல்லித்தான் விற்றீர்கள்.

மின்சாரத்தில் இணைப்பையே விலைக்கு விற்கிறோம் என்பது இந்தச் சீமைக்குப் புதிய செய்தி அல்ல. 1902இல் சிவனசமுத்திரத்திலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கம்பி இழுத்துக் கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் கொண்டுபோனார்கள். அந்தச் சுரங்கங்களில் இறங்கி உழைத்தவர்களில் வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் போன தமிழர்கள் ஏராளம். மைசூர் அரசு அன்று விற்றது காவிரியில் சக்கரம் சுற்றுவதை அல்ல, அந்தச் சுழற்சி சுரங்க வாசல்வரை வந்து சேர்வதை. கம்பி அறுந்தால் சக்கரம் சுற்றுகிறதே என்று அன்று யாரும் பதில் சொல்லியிருக்க முடியாது. இன்று சாமுண்டேஸ்வரி மின் வழங்கல் கழகம் மைசூர், மண்டியா, சாமராஜநகர், ஹாசன், குடகு ஆகிய ஐந்து மாவட்டங்களுக்கு மின்சாரம் தருகிறது. வீட்டுக் கூரையிலிருந்து வெளியே போகும் யூனிட்டையும் அதுவே கணக்கில் எடுக்கிறது. அந்தக் கம்பி இணைப்புக்குச் சட்டம் ஓரளவு காவல் போட்டிருக்கிறது. மின் நுகர்வோர் உரிமை விதிகள் 2020இல் வந்தன. 2024 பிப்ரவரித் திருத்தம், 10 கிலோவாட் வரை தொழில்நுட்பச் சாத்திய ஆய்வே வேண்டாம் என்றது, இயக்கிவைக்கும் கெடுவை முப்பது நாளிலிருந்து பதினைந்து நாளாக்கியது. கம்பி இணைப்பில் தவறு நேர்ந்தால் கழகத்தின் குறைதீர் மன்றம் உண்டு, அதற்கு மேல் மின் குறைதீர்ப்பாளர் உண்டு. தரவு இணைப்புக்கு இப்படி ஒரு விதியும் இல்லை. நான் பேச வந்தது இந்த இரண்டாவது இணைப்பைப் பற்றி.

இது எங்கோ நடக்கும் சங்கதி என்று எண்ணிவிட வேண்டாம். முதலில் வெளிநாட்டு அனுபவம். 2022இல் அமெரிக்காவின் பெரிய தொலைபேசி நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக 3ஜி சேவையை மூடின. 3ஜி மோடத்தை நம்பியிருந்த வீட்டுச் சோலார் கருவிகள் பேச்சற்றுப் போயின. பேனல்களுக்கு ஆயுள் பாக்கி இருந்தது, மோடத்துக்கு இல்லை. 1985இல் தொடங்கிய சன்பவர் நிறுவனம் 2024 ஆகஸ்ட் 5 அன்று திவால் மனு கொடுத்தது. அதன் பகுதிகள் தனித்தனியாக விலைபோயின. கண்காணிப்புச் சேவை வேறொரு கைக்குப் போனது. பழைய வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்த வாக்கை முழுதாகத் தோளில் ஏற்க வாங்கியவர்கள் வரவில்லை. சோலாருக்கு வெளியே இன்னும் தெளிவான ஒரு வழக்கு இருக்கிறது. வீட்டு விளக்கையும் கதவையும் கைபேசியில் இயக்கும் ரிவால்வ் என்ற பெட்டியை 299 டாலருக்கு, வாழ்நாள் சேவையுடன் என்று சொல்லி விற்றார்கள். அந்தக் கம்பெனியை வாங்கிய நெஸ்ட், 2016 மே மாதம் சர்வரை மூடியது. பெட்டி அப்படியே இருந்தது, வேலை செய்யவில்லை. அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் விசாரணையைத் தொடங்கிய பின், வாங்கியவர்களுக்கு முழுப் பணமும் திரும்பக் கிடைக்க வழிசெய்தார்கள், ஆணையமும் கோப்பை மூடியது. சோனியின் வழக்கு வேறு வகை. 2010 ஏப்ரலில் ஒரு மென்பொருள் புதுப்பிப்பால், விளையாட்டுப் பெட்டியில் வேறு இயங்குதளம் நிறுவும் வசதியை எடுத்துவிட்டார்கள். விளம்பரத்தில் சொல்லி விற்ற வசதி அது. வாங்கியவர்கள் கூட்டாக வழக்குப் போட்டார்கள். 2018இல் 37.5 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது. எட்டு ஆண்டு இழுத்தது உண்மை. ஆனால் விற்ற பிறகு வசதியைப் பிடுங்குவது விற்றவரின் இஷ்டம் என்ற எண்ணத்துக்கு விலை கொடுக்க வேண்டிவந்தது.

நம் பக்கம் வருவோம். ஏர்டெல் தன் 3ஜியை 2020வாக்கில் நாடு முழுவதும் நிறுத்தியது. ஜியோவுக்கு 3ஜி என்பதே இருந்ததில்லை. இன்று பல டாங்கிள்கள் 4ஜி சிம்மிலோ வைஃபையிலோ ஓடுகின்றன. சிம்முக்குச் சந்தா முடிவது, சர்வர் நாடு மாறுவது, பழைய ஆப்பை நிறுத்திப் புது ஆப்பில் மறுபடி பதியச் சொல்வது, டீலர் கடையை மூடிவிட்டதால் கடவுச்சொல் யாரிடம் என்றே தெரியாமல் போவது என்று இணைப்பு சாகும் வழிகள் பல. மத்தியப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகம் 2025இல், சூர்ய கர் இன்வர்ட்டர்களின் தரவு நாட்டுக்குள் உள்ள சர்வருக்கே வர வேண்டும் என்ற நெறியை முன்வைத்தது. பாதுகாப்புக்கு அது தேவையே. ஆனால் அரசு சொன்னதால் பழைய வழியை மூடினோம் என்று கைகழுவ ஒரு கம்பெனிக்கு அது சாக்காகிவிடக் கூடாது. வழி மாறலாம், வாக்கு மாறக் கூடாது.

சட்டத்துக்குள் நுழையும்போது ஒரு பள்ளத்தை முதலில் காட்டிவிட வேண்டும். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பொருள் பொறுப்பு என்று ஒரு புது அத்தியாயம் இருக்கிறது. உற்பத்தியாளரை நேரே பிடிக்க அதுதான் ஆயுதம் என்று பலர் அதற்குள் குதிக்கிறார்கள். இந்த விஷயத்தில் அது உதவாது. தீங்கு என்பதற்கு அச்சட்டம் தரும் விளக்கத்தில், பொருளுக்கே நேர்ந்த கேடும் வெறும் பண இழப்பும் சேராது. டாங்கிள் செத்ததால் யாருக்கும் தீக்காயம் இல்லை, பண இழப்புதான். ஆகவே நாம் நிற்க வேண்டிய இடம் பழைய இரண்டு சொற்கள்: பொருளில் குறைபாடு, சேவையில் குறைபாடு. பொருளில் குறைபாடு என்பதற்குப் பிரிவு 2(10) தரும் விளக்கத்தைப் பாருங்கள். ஒப்பந்தப்படி இருக்க வேண்டிய தரம் இல்லாமை மட்டுமல்ல, வியாபாரி எந்த வகையிலேனும் சொல்லிக்கொண்ட தரம் இல்லாமையும் குறைபாடே. எந்த வகையிலேனும் என்ற சொல்லில்தான் நம் வழக்கின் உயிர் இருக்கிறது. டீலரின் விலைப்பட்டியலில் ‘ஆன்லைன் மானிட்டரிங் உண்டு’ என்ற ஒரு வரி, விளம்பரத் தாளில் கைபேசி பிடித்த கையின் படம், ‘ஆப்பிலேயே பார்த்துக்கலாம்’ என்ற வாட்ஸ்அப் செய்தி என எல்லாமே அந்தச் சொல்லுக்குள் வரும்.

ஆப் இலவசம், இலவசச் சேவையைச் சட்டமே விலக்கிவைத்திருக்கிறது என்பார்கள். விலக்கு உண்டு, அது மெய். ஆனால் ஆப்பை மட்டும் யாரும் தனியாகத் தரவிறக்கி என்ன செய்வது? அந்த இன்வர்ட்டரை வாங்கியவருக்கே அது பயன்படும். விலை ஒன்று, அதற்குள் பெட்டியும் டாங்கிளும் சர்வரும் அடங்கியிருக்கின்றன. சட்டை விலையில் பொத்தானுக்குத் தனி ரசீது போடுவதில்லை. அடுத்து வரும் தடை, ஆப் நிறுவும்போது நாம் படிக்காமல் ஒப்புக்கொண்ட நிபந்தனைகள். முன்னறிவிப்பின்றிச் சேவையை நிறுத்த எங்களுக்கு உரிமை உண்டு என்று அதில் ஒரு வரி இருக்கும். 2019 ஏப்ரலில் பயனியர் அர்பன் வழக்கில், ஒருதலைப்பட்சமான ஒப்பந்த நிபந்தனை வாங்கியவரைக் கட்டாது, அப்படி எழுதுவதே முறையற்ற வணிகம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அது அடுக்கக வீட்டு வழக்குதான், ஆனால் காரணம் இங்கும் பொருந்தும்: பேரம் பேச இடமே இல்லாமல் கையெழுத்து வாங்கிய நிலை. நியாயமற்ற ஒப்பந்தம் என்றே தனி வழக்காகப் போடுவதானால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முடியாது, மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். எனவே மாவட்டத்தில் குறைபாடு என்ற வழக்கையே போடுவது நல்லது.

வெளியே விற்கிறாய், ஆகவே நீ நுகர்வோர் அல்ல, வணிகன் என்ற வாதமும் வரும். இதற்கு 2020ஆம் ஆண்டு மின் நுகர்வோர் உரிமை விதிகளே பதில். கூரையில் விளைவித்து வெளியே அனுப்பும் நுகர்வோரும் நுகர்வோரே, மற்றவருக்குள்ள உரிமை அனைத்தும் அவருக்கும் உண்டு என்று எழுதியிருக்கிறது. 2019இல் லீலாவதி அறக்கட்டளை வழக்கில் உச்ச நீதிமன்றம், முதன்மையான நோக்கம் எது என்று பார் என்றது. வீட்டு மின்கட்டணத்தைக் குறைக்கக் கூரையில் பேனல் போட்டவர் வியாபாரி ஆகமாட்டார்.

இனி வலுவான ஆட்சேபம். தொலைபேசிக் கம்பெனி அலையை மூடினால் நாங்கள் என்ன செய்வோம், எங்கள் கைமீறியது அல்லவா என்பார்கள். கர்நாடகத்துச் சூரிய வழக்கு ஒன்றையே துணைக்கு அழைப்பார்கள். ஹிரேஹள்ளி திட்டம், விவசாயிகளின் நிலத்தில் சிறு சூரிய நிலையம் அமைக்கும் அரசுத் திட்டத்தின் கீழ் வந்தது. அரசு அலுவலக அனுமதிகள் தாமதமானதால் கெடு தவறியது. யூனிட்டுக்கு 8.40 ரூபாய் என்ற விலையை மின் ஒழுங்குமுறை ஆணையம் 4.36 ஆகக் குறைத்தது. 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், தாமதம் அவர்கள் கைமீறிய காரணத்தால் வந்தது என்று ஏற்று, பழைய விலையே செல்லும் என்றது. இந்தத் தீர்ப்பு உண்மையில் நம் பக்கம்தான் நிற்கிறது. அனுமதிக்காகக் காத்திருந்தவர் தன் வேலையைச் செய்துகொண்டே இருந்தார், முடிச்சு பிறர் கையில் இருந்தது. அலைவரிசைக்குத் தலைமுறை மாற்றம் உண்டென்பது டாங்கிள் செய்பவருக்கு முதல் நாளே தெரியும். 25 ஆண்டுப் பொருளில் ஏழெட்டு ஆண்டு ஆயுளுள்ள மோடத்தை வைத்து, அதை வாங்குபவரிடம் சொல்லாமல் விட்டால், அது கைமீறியது ஆகாது. தெரிந்த விஷயத்தை மறைத்ததாகவே கொள்ள வேண்டும். வேண்டுமென்றே தகவலை மறைப்பதும் சேவைக் குறைபாடே என்கிறது 2019ஆம் ஆண்டுச் சட்டம். இந்த மறைப்பு உலகப் பழக்கம் என்பதற்கும் சான்று உண்டு. அமெரிக்க வர்த்தக ஆணையத்தின் ஊழியர்கள் 2024 நவம்பரில் 184 இணையக் கருவிகளின் விற்பனைப் பக்கங்களைப் பார்த்தார்கள். மென்பொருள் ஆதரவு எத்தனை காலம் என்று சொல்லாதவை 163.

எதிர்த்தரப்புக்கு நியாயம் உள்ள இடத்தையும் ஒப்புக்கொள்கிறேன். எந்தக் கம்பெனியையும் 25 ஆண்டு ஒரே ஆப்பை நடத்து என்று கட்டிப்போட முடியாது, அப்படிக் கேட்பதும் சரியல்ல. ஐந்தாண்டு கண்காணிப்பு என்று தெளிவாக எழுதிக் கொடுத்திருந்தால், ஆறாம் ஆண்டில் வழக்கில்லை. வீட்டில் ரூட்டரை மாற்றிவிட்டு டாங்கிளுக்குப் புதுக் கடவுச்சொல்லைத் தராமல் விட்டாலும் வழக்கில்லை, அப்படிப்பட்ட புகார்கள் நிறையவே இருக்கும். ஆகவே வழக்குக்கு முன் அதைச் சோதித்துவிட வேண்டும்: வேறொரு கைபேசியின் ஹாட்ஸ்பாட்டில் டாங்கிளை இணைத்துப் பார்ப்பது, விளக்கு எந்த நிறத்தில் எப்படிச் சிமிட்டுகிறது என்று படம் எடுப்பது, சர்வர் மறுக்கும் செய்தியைத் திரையில் அப்படியே பிடித்து வைப்பது. கால வரம்பு இரண்டு ஆண்டு. தொடர்ந்து தரவேண்டிய சேவை தினமும் மறுக்கப்படுகிறது என்று வாதிடலாம்தான், ஆனால் அந்த வாதத்தை நம்பி நாள் கடத்தாமல், விளக்கு அணைந்த நாளிலிருந்து எண்ணுவதே பாதுகாப்பு.

ஒரு வீட்டுக்கு ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாய்தானே, இதற்கா வழக்கு என்ற தயக்கம் இயல்பு. மறுப்பவர்களின் உண்மையான பலமே அந்தத் தயக்கம்தான். இழப்பு சிறிதாகவும் பரவலாகவும் இருக்கும்போது தனித்தனியாக யாரும் கேட்பதில்லை. இதற்காகவே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 35, ஒரே நலனுள்ள பலருக்காகச் சிலர் ஆணையத்தின் அனுமதியோடு வழக்குப் போட இடம் தருகிறது. அந்த வாசலின் அகலத்தை உச்ச நீதிமன்றம் 2021 டிசம்பரில், பெங்களூரு அடுக்ககம் ஒன்றைப் பற்றிய பிரிகேட் வழக்கில் அளந்து சொன்னது. 1,134 வீடுகளில் 51 வீடுகளை வாங்கியவர்கள் எல்லோருக்காகவும் என்று வந்தார்கள். எல்லோருக்கும் ஒரே நலன் என்று மனுவில் காட்டாததால், வந்தவர்களுக்கான கூட்டு மனுவாக மட்டும் அது நடக்கட்டும் என்றது நீதிமன்றம். நமக்கு இதில் பாடம் உண்டு. இந்த ஊர்க் குவெம்புநகரில் பத்து வீடு, விஜயநகரில் பத்து வீடு, ஒரே மாடல் டாங்கிள், ஒரே சர்வர், ஒரே வாரத்தில் அணைந்தது என்றால் அது ஒரே நலன். அதோடு வைஃபை கோளாறு வீடுகளையும் தொகைக்காகச் சேர்த்தால் வழக்கு அங்கேயே உடைந்துவிடும். பட்டியல் குறுகட்டும், சுத்தமாக இருக்கட்டும். ஒவ்வொருவரும் தனியே போட்டாலும் செலவு பெரிதில்லை. கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் என்றால் மாவட்ட ஆணையத்தில் கட்டணமே இல்லை. கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும், வசிக்கும் ஊரான மைசூரிலேயே மனுப் போடலாம். பதிவுபெற்ற நுகர்வோர் அமைப்பும் மனுதாரராகலாம். மின்கட்டண விசாரணைகளில் பல ஆண்டாகக் குரல் கொடுத்துவரும் மைசூர் கிராஹகர பரிஷத் இந்த ஊரிலேயே இருக்கிறது. நாடு முழுவதும் ஒரே சர்வர் மூடப்பட்டால் 2020 முதல் இயங்கும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கும் எழுதலாம். பாதிக்கப்பட்டவர்களை எளிதில் அடையாளம் காண முடியாத அளவு கூட்டம் பெரிதானால், குறையுள்ள பொருளின் மதிப்பில் 25 சதவீதத்துக்குக் குறையாத தொகையைக் கட்டச் சொல்லவும் மாவட்ட ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

என்ன கேட்பது என்பதில்தான் பெரும்பாலான மனுக்கள் வழுக்குகின்றன. மன உளைச்சலுக்கு ஐந்து லட்சம் என்று எழுதுகிறார்கள், டாங்கிளைப் பற்றி ஒரு வரி எழுதுவதில்லை. முதலில் கேட்க வேண்டியது, இன்றைய அலையில் ஓடும் புது டாங்கிளை விலையின்றி மாற்றித் தருவது. அடுத்து, சர்வரில் இதுவரை சேர்ந்த வீட்டின் கணக்கு முழுவதையும் வீட்டுக்காரர் கையில் கோப்பாகத் தருவது. அது அவர் கூரையில் விளைந்த கணக்கு. மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. சேவையை நடத்த மனமில்லாத கம்பெனி, இன்வர்ட்டரின் பக்கவாட்டுத் துளை வழியாக, சர்வரின் தயவின்றி, வீட்டுக்குள்ளேயே எண்ணைப் படிக்கும் முறையைத் திறந்துவிட வேண்டும். பெரும்பாலான இன்வர்ட்டர்களில் மாட்பஸ் என்ற பழைய பொதுமொழி ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. எந்த எண் எந்த இடத்தில் இருக்கிறது என்ற பட்டியலைக் கொடுத்தால் போதும், சரஸ்வதிபுரத்தில் ரேடியோ பழுதுபார்க்கும் கடைக்காரரே மீதியைச் செய்து கொடுத்துவிடுவார். இதனால் கம்பெனிக்கு ஆகும் செலவு பத்துப் பக்கத் தாள். ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரி முதல், மென்பொருள் கலந்த பொருளை விற்பவர், வாங்குபவர் நியாயமாக எதிர்பார்க்கும் காலம்வரை புதுப்பிப்புத் தர வேண்டும் என்று சட்டமாக்கிவிட்டது. நம் சட்டத்தில் அந்த வரி இல்லை. அது வரும்வரை, சூர்ய கர் திட்டத்தில் வீட்டுக்காரரும் போட்டுத் தருபவரும் கையெழுத்திடும் ஒப்பந்தத்தில் பேனலின் கம்பெனி, இன்வர்ட்டரின் கம்பெனி, உத்தரவாத ஆண்டு என்று நிரப்பும் இடங்களோடு, தரவு இணைப்பு எத்தனை ஆண்டு, முடிந்தபின் எப்படிப் படிப்பது என்று இன்னும் இரண்டு இடங்களைப் பேனாவால் எழுதிச் சேர்த்து, இரண்டு பேரும் பக்கத்தில் சுருக்கொப்பம் இடுவதை எந்த விதியும் தடுக்கவில்லை.